முதல் பக்கத்துப் பேரு

ஏனுங்க அம்மிணி, அது கிண்டில்தானுங்களே? படிங்க படிங்க, நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலை. எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க, இந்தப் பைக்குள்ளதான் கெடக்குது. எழுவத்தோரு வயசுக் கெழவனுக்கு இது எதுக்குன்னு நெனைப்பீங்க. ஒருத்தனைப் பழி வாங்கறதுக்குன்னே வெச்சிருந்தேனுங்க. அவன் பேரு ஆறுக்குட்டி. போன ஐப்பசியில செத்துப் போயிட்டான். செத்தும் என்னைய விடமாட்டேங்கறான், அதுதான் சங்கதி.

பல்லடம் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த பஸ்ஸு ஊருக்கு ஊரு நிக்கும். யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். சித்தெ கேளுங்க.

எம் பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல ஒரு நூல் மில்லுல டைம் கீப்பரா இருந்தேன். யாரு எத்தனை மணிக்கு கேட்டுக்குள்ள நொழையறாங்கன்னு குறிக்கற வேலை. மில்லுக்குள்ளயே மனமகிழ் மன்றம்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு கேரம் போர்டு, ரெண்டு பீரோ நெறையப் புஸ்தகம். டோக்கன் நம்பரைச் சொன்னா ஒரு புக்குத் தருவாங்க. எனக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, சினிமாகூட இல்லை. துப்பறியற கதை ஒண்ணுதானுங்க. கொன்னது யாருன்னு தெரியாம முந்நூறு பக்கம் போறது இருக்குது பாருங்க, அந்த சொகத்துக்கு ஈடே கெடையாது. சந்தேகப்படற ஆளுக பேரை எல்லாம் ஒரு காயிதத்துல எழுதி வெச்சு, ஒவ்வொரு பேரா அடிச்சுக்கிட்டே வருவேன். கடேசிப் பக்கத்தை முன்னாலயே பொரட்டிப் பாத்தவன் இல்லீங்க நான். ஒரு தடவைகூட.

ஒரு நா புதுசா வந்த புக்கை வாங்கிட்டு வந்து, சாப்புட்டு, கையைக் கழுவிட்டு மொதப் பக்கத்தைத் தொறக்கறேன். மேலாக ஊதாக் கலர்ல எழுதியிருக்குது: ‘கொன்னது கணக்குப்பிள்ளை.’

எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

சரி, எவனோ வெளையாட்டுக்குப் பண்ணியிருக்கான்னு விட்டேன். அடுத்த புக்கு. ‘கொன்னது தங்கச்சி புருசன்.’ அதுக்கடுத்தது, ‘டாக்டரு. கம்பவுண்டரு இல்லை.’ பாத்தீங்களா நக்கலை? படிக்கறவனுக்குக் கம்பவுண்டரு மேலதான் சந்தேகம் வரும்னு தெரிஞ்சுக்கிட்டே எழுதறான். அதுவும் எதுலீங்க? மில்லுல பாபின் பொட்டி மேல நம்பர் போடுவாங்களே, எச்சி தொட்டு எழுதற காப்பியிங் பென்சிலு. ரப்பர் போட்டா அழியாது. சொரண்டினா காயிதம் பிஞ்சிரும். ஒம்பது வருசம்! ஒம்பது வருசம் அந்த மன்றத்துல நான் எடுத்த ஒரு கொலைக் கதையும் உசுரோட எங் கைக்கு வரலை.

ஆளைக் கண்டுபுடிச்சேனுங்க. அத்தனை துப்பறியற கதை படிச்சதுக்கு அது ஒண்ணுதான் லாபம். தொழிலாளிக எழுதற லீவு லெட்டர் எல்லாம் எங்கிட்டத்தான் வரும். ஒரு மத்தியானம் உக்காந்து, நானூறு லெட்டரையும் மன்றத்துப் புக்கோட வெச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். அகப்பட்டான். எலக்ட்ரீசியன் ஆறுக்குட்டி. ‘மனைவிக்கு உடல் நலம் சரியில்லாததால்’னு எழுதியிருந்தான். அதே எழுத்து. அதே கொம்பு, மேல ஒரு சுழி.

நேருக்கு நேரா கேட்டிருக்கலாம்னுதானே நெனைக்கறீங்க? நாங்க அப்படிக் கேக்க மாட்டோமுங்க. “வாங்க”ன்னா “வாங்க”ன்னுவோம், “சாப்டீங்களா”ன்னா “ஆச்சுங்க”ன்னுவோம். உள்ளுக்குள்ள மட்டும் வெச்சுக்குவோம். அவன் ஏழு மணி ஷிப்டுக்கு ஏழுக்கு வந்தா, நான் ஏழு ரெண்டுன்னு போட்டேன். ரெண்டு நிமிசம் லேட்டானா அரை மணி நேரம் கேட்டுக்கு வெளிய நிக்கணும். ஒரு மழைக்காலம் முச்சூடும் நிக்க வெச்சேனுங்க. ஒரு வார்த்தை கேக்கலை அவன். தலையில துண்டைப் போட்டுட்டு என்னையப் பாத்து சிரிச்சுக்கிட்டே நின்னான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால இன்னைக்கும் பொறுக்க முடியலை. தப்பு அவம்மேல, சிரிக்கறதும் அவன்.

அப்பறம் மில்லை மூடிட்டாங்க. தொழிலாளிக எல்லாம் சேந்து ஒரே லேஅவுட்ல எடம் வாங்குனோம். குலுக்கல்ல என் ஊட்டுக்கு நேர் எதுத்தாப்பல எவன் ஊடு விழுந்துச்சுங்கறீங்க? ஆமா. அவனேதான்.

எம் பொண்ணு கவுசல்யா பெங்களூர்ல வேலையில இருக்குது. அவங்கம்மா போனப்பறம் நான் ஒத்தையா கெடக்கறேன்னு, ஆறு வருசத்துக்கு முன்னால கிண்டில் பொட்டி ஒண்ணைக் கொண்டாந்து குடுத்துச்சு. எனக்கு மொதல்ல புடிக்கவே இல்லீங்க. பக்கம் திருப்பறதுக்கு வெரலை எச்சி தொட்டுத் தொட்டு வெச்சு, கண்ணாடி முச்சூடும் ஈரம். “அப்பா, அது புக்கு இல்லப்பா!”ன்னு கத்துச்சு. நாப்பது வருசப் பழக்கம், வெரலு சொன்னா கேக்குமா? அதுக்கு மேல எடை ஒரு பிரச்சினை. அச்சுப் புக்குன்னா வலது கையே சொல்லிரும். கொலைகாரனைப் புடிச்சுட்டாங்கன்னு கதையில வரும், ஆனா கையில இன்னும் அம்பது பக்கம் கனமா இருக்கும். அப்ப இவன் இல்லை, வேற ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சு போயிரும். இதுல அந்தக் கனம் இல்லை பாருங்க. கீழ மட்டும் எத்தனை சதவீதம் படிச்சோம்னு ஒரு எண்ணு வரும். அதையும் எடுத்துரு கண்ணுன்னேன், எடுத்துக் குடுத்துச்சு. அவ்வளவுதான் அம்மிணி! கும்மிருட்டுல நடக்கறாப்பல ஆயிருச்சு. அடுத்த பக்கமே முடிவா, இன்னும் நூறு பக்கம் இருக்குதான்னுகூடத் தெரியாது. மொதப் பக்கம் வெள்ளை வெளேர்னு இருக்கும். எவனும் எச்சி தொட்டு எழுத முடியாது. அந்த ரெண்டு வருசம் நான் ராசாவாட்ட இருந்தேனுங்க. எதுத்த ஊட்டைப் பாத்து மனசுக்குள்ளயே சொல்லுவேன், “இப்ப எழுதுறா பாக்கலாம்!”

அப்பறம் ஆறுக்குட்டிக்குச் சக்கரையில கண்ணு மங்கிப் போச்சு. எனக்கு வருத்தமில்லைங்க, பொய் சொல்ல மாட்டேன். கவுசல்யா வந்திருந்தப்ப எனக்குப் புதுசா வெளக்கெரியற பொட்டி ஒண்ணு வாங்கியாந்துச்சு. பழசை என்ன பண்ணுச்சுன்னா, நேரா எதுத்த ஊட்டுக்குப் போயி, “மாமா, இதுல எழுத்தை எத்தனை பெருசு வேணாலும் பண்ணிக்கலாம். அப்பா வாங்கற புக்கெல்லாம் தானா உங்களுக்கும் வந்துரும்”னு குடுத்துட்டு வந்துருச்சு! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ரெண்டு பொட்டியும், எம் ஃபோனு, எம் பொண்ணு ஃபோனு எல்லாம் ஒரே கணக்காம். நான் தெரிஞ்செடுத்த கதையை அந்தப் பாவி ஓசியில படிக்கறான். மூணு நா எனக்குச் சோறு எறங்கலை.

அப்பத்தானுங்க கடவுளு கண்ணைத் தொறந்தாரு. பெங்களூர்ல இருந்து எம் பொண்ணு ஒரு கதையில, கோவக்காரன் ஒருத்தன் வர்ற எடத்துல, ‘இது அச்சு அசல் நீங்கதான்ப்பா’ன்னு குறிப்பு எழுதியிருக்குது. அது எம் மடியில இருக்கற பொட்டியில வந்து நிக்குது. ஒரு சின்ன அடையாளம், தொட்டா எழுதுனது விரியுது. எனக்குப் பொறி தட்டிருச்சு. இங்க எழுதுனா அங்க தெரியும். ஒரே கணக்கு!

ஃபோன்ல தமிழ்ல எழுதக் கத்துக்கிட்டேனுங்க. எழுவதை நெருங்கற வயசுல, ஒத்தை வெரலால. அடுத்த கதையை வாங்கி, நான் முழுசா ரசிச்சுப் படிச்சு முடிச்சுட்டு, மொதப் பக்கத்துல அடிச்சேன் பாருங்க: ‘கொன்னது சித்தப்பா.’

சாயங்காலம் ஜன்னலோரமா சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டேன். எதுத்த ஊட்டு வராண்டாவுல அவன் கண்ணை மூடி உக்காந்திருக்கான். அவன் சம்சாரம் மயிலாத்தா பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுது. எழுத்தைப் பெருசாக்கியும் அவனுக்குத் தெரியலையாம். நல்லதாப் போச்சுன்னேன். கொலைகாரன் பேரைக் கட்டுன பொண்டாட்டி வாயாலயே கேக்கட்டும்! அந்தம்மா ஏதோ சொல்லுச்சு. அவன் முழிச்சான். எந் திசைக்குத் திரும்பினான். சிரிச்சான். அதே சிரிப்புங்க!

ரெண்டு நாக் கழிச்சு குச்சியை ஊணிக்கிட்டு வந்து எங் கேட்டுல நிக்கறான். “நல்ல புக்குங்க, நாச்சிமுத்து. அடுத்தது எப்பங்க?”

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. ஒறைக்கலைன்னு நெனைச்சு இன்னும் ஏத்துனேன். அத்தியாயத்துக்கு ஒண்ணு எழுதுனேன். ‘இவ சாகலை, நடிக்கறா.’ ‘தோட்டக்காரனை நம்பாதே.’ ‘கத்தி கெணத்துக்குள்ள இருக்குது.’ ரெண்டு வருசத்துல அறுவது எழுவது கதை. ஒவ்வொண்ணுக்கும் அவன் கேட்டுக்கு வந்து, “நல்லா இருந்துச்சுங்க”ன்னு சொல்லிட்டுப் போவான். ஒரு நாளாவது மூஞ்சி சுண்டோணுமே! ஊகூம்.

ஐப்பசியில போயிட்டான். எழவுக்குப் போனேன், மாலை போட்டேன், மனசுக்குள்ள ‘ஒழிஞ்சான்’னுதான் நெனைச்சேன். அடுத்த கதையில ஒண்ணும் எழுதலை. யாருக்கு எழுதறது? பழையபடி ராசாவாட்ட படிக்கலாம்னு இருந்தேன்.

காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் மயிலாத்தா பொட்டியை எடுத்துக்கிட்டு வந்துச்சு. “அண்ணா, இந்தக் கதையில பேரு இல்லீங்களே”ன்னுச்சு.

“என்ன பேருங்க?”

“கொன்னவன் பேருங்க. எப்பவும் நீங்க எழுதுவீங்களே.”

“நான் எழுதுனேன்னு யாரு சொன்னாங்க?”

“அவருதானுங்க. மொதத் தடவை பாத்தப்பவே சொல்லிட்டாரு. ‘நாச்சிமுத்துதான் எழுதறாரு மயிலு. முன்னால நான் உனக்கு எழுதித் தருவேனே, அந்தாட்ட இப்ப அவரு எழுதறாரு. எனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சு பண்றாரு, நல்ல மனுசன்’னாரு.”

அந்தம்மா மேல மேல சொல்லுது.

“எனக்கு யாரு கொன்னாங்கன்னு தெரியாமப் படிக்க முடியாதுங்கண்ணா. எனக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப எங்கப்பனைக் கெணத்து மேட்டுல வெட்டிப் போட்டுட்டாங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எதுத்தாப்பல வர்ற ஒவ்வொருத்தனையும் இவனா இருக்குமோ இவனா இருக்குமோன்னு பாத்துக்கிட்டேதான் வளந்தேன். மாமன்தான் கூட்டிட்டுப் போயி வளத்து, கண்ணாலம் பண்ணி வெச்சாரு. கொலைக் கதைன்னா எனக்கு உசுரு, அதுல கடேசியில எப்படியும் ஆளு அகப்பட்டுருவான் பாருங்க. ஆனா அது வரைக்கும் தாங்க முடியாது. மில்லு மன்றத்துல பொம்பளைகளுக்குப் புக்குத் தர மாட்டாங்க. அவரு டோக்கன்லதான் வாங்கிட்டு வருவாரு. கடேசிப் பத்துப் பக்கத்தைப் படிச்சு, பேரை மேல எழுதிக் குடுத்தாத்தான் நான் தொடுவேன். ஒரு கதையைக்கூட அவரு முழுசாப் படிச்சது இல்லீங்க.”

கேட்டீங்களா? ஒரு கதையைக்கூட முழுசாப் படிச்சதில்லையாம்! துப்பறியற கதைன்னா என்னன்னே தெரியாத ஒருத்தன்கூடத்தான் நான் முப்பத்தஞ்சு வருசம் மல்லுக்கட்டியிருக்கேன். இந்த வயித்தெரிச்சலை எங்க போயிச் சொல்றது? அந்தம்மா அதோட விட்டுச்சா? “நீங்க தெய்வமுங்கண்ணா”ன்னு கையெடுத்துக் கும்புட்டுருச்சு. பழி வாங்கறவனைக் கும்புட்டா அவன் எங்க போவானுங்க?

எழுதிக் குடுத்தேன். வேற என்ன பண்றது? அந்தம்மா ரெண்டு நாளைக்கு ஒரு கதை முடிச்சிரும். என்னால அந்த வேகத்துக்குப் படிக்க முடியலை. அதனால இப்ப நானே மொதல்ல கடேசிப் பக்கத்தைத் திருப்பறேன். நானே! அன்னைக்கு அவன் கெடுத்தான், இப்ப எங் கையாலயே கெடுத்துக்கறேன். முடியாதுன்னு சொல்லலாமேன்னு நீங்க பாக்கறீங்க. சொல்லத்தானுங்க இருக்கறேன். நேரம் வர மாட்டேங்குது. நான் எழுதி அனுப்புனதும் எதுத்த ஊட்டு வராண்டாவுல லைட்டு போட்டு உக்காந்துக்கும். பக்கத்துல அந்தக் காலிச் சேரு. அதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க சொல்றது?

ஆனா ஆறுக்குட்டியை மட்டும் விடறதா இல்லை. அவனை எப்படி ஜெயிக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு நாக் காத்தால பல்லு வெளக்கறப்பத் தோணுச்சு. அத்தனை பேரு எழுதுனானே, மயிலாத்தா அப்பனைக் கொன்னவன் பேரை அவனால எழுத முடிஞ்சுதா? முடியலையே! அந்த ஒரு பேரை நான் கண்டுபுடிச்சு எழுதிட்டேன்னா, ஆறுக்குட்டி கணக்கு முடிஞ்சுது. ‘முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணியும் உன்னால முடியாததை நான் பண்ணிட்டேன் பாருடா’ன்னு அவன் படத்துக்கு முன்னால நின்னு சொல்லலாம்.

அதுக்குத்தானுங்க இன்னைக்கு வந்தேன். தாராபுரத்துக்கு அக்கட்ட அந்தம்மா பொறந்த ஊரு. காலையில இருந்து விசாரிச்சு, அந்தக் காலத்து ஆளு ஒருத்தரைப் புடிச்சேன். காளியண்ணன்னு பேரு, எம்பத்தெட்டு வயசு. அந்தப் பங்குக் கெணத்துல அவருக்கும் ஒரு பாகம் இருந்துச்சாம். வேப்ப மரத்தடியில கட்டில்ல படுத்திருந்தாரு. கேட்டேன். எந்திரிச்சு உக்காந்தாரு. அப்பறம், “எல்லாரும் போயிச் சேந்துட்டாங்க, இனி யாருக்குப் பயப்படறது?”ன்னு சொல்லிட்டாரு.

வெட்டுனது அவ மாமனுங்க. அவளைத் தூக்கி வளத்து, கண்ணாலம் பண்ணிக் குடுத்தாரே, அவரேதான். தண்ணி மொறையில தகராறு. கோவத்துல வெட்டிட்டு, அடுத்த வாரமே புள்ளையைத் தன் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம். அந்தாளு செத்து இருவது வருசம் ஆச்சு. அவரு படத்துக்கு மயிலாத்தா இன்னைக்கும் வெள்ளி தவறாம பூ போடுது.

பேரைக் கேட்டதும் எனக்கு மொதல்ல என்ன வந்துச்சுன்னு சொல்லட்டுங்களா? சந்தோசமுங்க. எந்திரிச்சு நின்னுட்டேன். ஜெயிச்சுட்டேன்! எழுவது கதையிலயும் எனக்கு வராத சொகம் அது. கும்புடு போட்டுட்டுக் கெளம்பறேன், காளியண்ணன் சொல்றாரு, “இதையே முன்னால ஒருத்தரும் வந்து கேட்டாருங்க. முப்பது வருசம் இருக்கும். ஏதோ மில்லுல கரெண்டு வேலைன்னாரு. அவருகிட்ட மட்டும் சொன்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சாரு. போறப்ப, ‘அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க’ன்னு எங் கையைப் புடிச்சுச் சொல்லிட்டுப் போனாரு.”

பாத்தீங்களா அம்மிணி? எனக்கு எல்லாப் புக்குலயும் பேரைச் சொன்னவன், இந்த ஒரு பேரை முப்பது வருசம் வாய்க்குள்ளயே வெச்சிருந்திருக்கான். அந்த மாமன் ஊட்டுக்கு வந்தா “வாங்க”ன்னு எலை போட்டிருக்கான். எழவுக்குப் போயிக் கோடித் துணி போட்டிருக்கான். பொண்டாட்டிகிட்ட ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்கு முன்னால போயி நின்னுக்கிட்டு அங்கயும் சிரிக்கறானுங்க அவன்.

இந்தாங்க, ஃபோனைப் பாருங்க. பஸ் ஏறுனதும் எழுதிட்டேன். நாளைக்கு அந்தம்மா தொறக்கப் போற கதையோட மொதப் பக்கம். ‘உங்கப்பனைக் கொன்னது உங்க மாமன்.’ சேமிக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு நிக்குது. அமுக்குனா அடுத்த நிமிசம் அவ பொட்டியில போயி உக்காந்துக்கும். நான் ஜெயிச்சுருவேன். அமுக்கலைன்னா? ஒரே ரகசியத்தை வெச்சுக்கிட்டு நானும் ஆறுக்குட்டியும் கூட்டாளியாயிருவோம். கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சேனே, அவனோட!

வெரலு அங்கயே நிக்குதுங்க. தாராபுரத்துல இருந்து நிக்குது.

அழிக்கத் தெரியாம இல்லை எனக்கு. ஆனா எங் கையால அழிச்சா அது ஆறுக்குட்டிக்குப் பண்ற மரியாதை. செத்தாலும் நான் அதைப் பண்ண மாட்டேன். நீங்களே அழிச்சுக் குடுத்துருங்க, அம்மிணி.